தியத்தலாவைக் கைதியும் எல்லவின் காவலர்களும்

ஊவாவின் காடும் மக்களும் – பகுதி 9

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஊவாவின் காடுகளை முடிக்குரிய நிலமாக்கியதைச் சென்ற பகுதியில் பார்த்தோம். உறுதி காட்ட முடியாத கிராமவாசி, பாட்டன் காலத்திலிருந்து விறகும் தேனும் எடுத்த காட்டிலேயே அத்துமீறியவன் ஆனான். காடு அரசுக்குச் சொந்தம் என்று எழுதியாகிவிட்டது. அதைக் காக்க அரசு யாரை வைத்தது? இந்தப் பகுதி அந்தக் கேள்வியைப் பின்தொடர்கிறது.

நீண்ட காலம் காட்டு விலங்குகளைக் காக்க யாரையும் வைக்கவில்லை. காட்டிலிருந்த உயிர்களைக் கொன்றவர்களுக்குத்தான் அந்தக் காலத்தில் அரசு பணம் கொடுத்தது.

கொன்றவருக்குச் சன்மானம்

பதுளை நகரில் புனித மாற்கு தேவாலயம் இருக்கிறது. மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்பவரின் நினைவாகக் கட்டப்பட்ட ஆலயம் அது. இலங்கை ரைபிள் படைப்பிரிவைச் சேர்ந்த அவர், பதுளையின் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். ஊவாவில் பாதைகள் திறந்ததற்காக அவரை மெச்சியவர்கள் உண்டு. ஆனால் அவருடைய பெயர் நாடெங்கும் பரவியதற்குக் காரணம் வேறு. தம் வாழ்நாளில் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்று அக்கால நூல்கள் அவரைக் குறிப்பிடுகின்றன. 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். நுவரெலியாவில் அவரது கல்லறை இருக்கிறது.

இதை ஒரு தனிமனிதரின் வெறி என்று ஒதுக்கிவிட முடியாது. அரசின் கொள்கையே அப்படித்தான் இருந்தது. கோப்பித் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் இடைஞ்சல் என்று யானைக்குத் தலைவிலை வைத்திருந்தார்கள். குடியேற்ற அரசின் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதியபடி, வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில் 3,500 யானைகளுக்குச் சன்மானம் கொடுக்கப்பட்டது. 1851 முதல் 1856 வரை தென் மாகாணத்தில் 2,000 யானைகளுக்குக் கொடுக்கப்பட்டது. இன்று எல்லவிலோ பண்டாரவளையிலோ ஹப்புத்தளையிலோ காட்டு யானை கிடையாது. உச்சி மலைகளின் யானைக் கூட்டங்கள் துவக்குக்கும் கோப்பிக்கும் தேயிலைக்கும் இரையாகி முடிந்தன.

காட்டைப் பற்றிய முதல் எச்சரிக்கை விஞ்ஞானிகளிடமிருந்து வந்தது. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் தலைவர் ஜோசப் ஹுக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை வெட்டாமல் விடும்படி 1873இல் ஆலோசனை சொன்னார். நதிகள் பிறக்கும் தலைக்காடு போனால் கீழே உள்ள வயல்களும் தோட்டங்களும் போய்விடும் என்பது இதன் உட்பொருள். அரசு அதை ஏற்றது. மரத்துக்கு ஓரளவு காவல் கிடைத்தது. விலங்குக்கு இன்னும் சில காலம் பிடித்தது.

வேட்டைக்காரர்கள் எழுதிய பாதுகாப்பு

யானைகளைக் கண்டபடி கொல்வதைத் தடுக்கும் சட்டம் 1891இல் வந்தது. 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியது. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் தோட்டத் துரைமாரும் அரச அதிகாரிகளும். தாங்கள் வேட்டையாட விலங்கு மிஞ்சாமல் போய்விடும் என்று அஞ்சியவர்கள் அவர்கள். அந்த அச்சம் நல்ல விளைவையும் தந்தது என்பதை மறுக்க முடியாது. 1900இல் யாலவில் வேட்டைத் தடைக் காடு ஒன்று உருவானது. அதையொட்டி, இலங்கையில் வசிக்கும் வெள்ளைக்கார வேட்டைப் பிரியர்களுக்கென்று இன்னொரு காடும் ஒதுக்கப்பட்டது. அங்கே அனுமதிப் பத்திரம் வாங்கிச் சுடலாம்.

இந்த ஏற்பாட்டின் இரு பக்கங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அனுமதிப் பத்திரத்தோடு மானைச் சுட்டவர் வேட்டைப் பிரியர். அதே மானைத் தன் சேனைப் பயிருக்கு அருகில் வைத்து வீழ்த்திய கிராமவாசி குற்றவாளி. சட்டம் காப்பாற்றியது மானைத்தான். ஆனால் அந்தச் சட்டத்தின் முழுப் பாரமும் ஏழையின் தோளில் இறங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை ஊவாவின் காட்டோரத்தில் நடக்கும் ஒவ்வொரு சிக்கலின் வேரும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

மலையில் இறக்கிய போர்க் கைதிகள்

சட்டம் வந்தபின் ஆள் வேண்டும். அந்த ஆள் வந்து சேர்ந்த வழி ஊவாவின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது.

1899இல் தென்னாபிரிக்காவில் பிரித்தானியருக்கும் போயர்களுக்கும் போர் மூண்டது. டச்சு வழிவந்த அந்த விவசாயிகளைச் சிறைபிடித்த பிரித்தானியா, சொந்த நாட்டில் வைத்திருந்தால் தப்பிவிடுவார்கள் என்று கடல் கடந்த தீவுகளுக்கு அனுப்பியது. இலங்கைக்கு வந்தவர்கள் சுமார் 5,000 பேர். 1900 ஓகஸ்டில் முதல் கூட்டம் வந்து இறங்கியது. அவர்களை வைப்பதற்குத் தேர்ந்தெடுத்த இடம் தியத்தலாவை. எல்லவிலிருந்து பார்த்தால் பண்டாரவளைக்கு அப்பால் கிடக்கும் புல்மேட்டு நிலம். புகையிரதப் பாதை சில ஆண்டுகளுக்கு முன்தான் பண்டாரவளையை எட்டியிருந்தது. கொழும்பிலிருந்து கைதிகளை ரயிலில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்தார்கள். தகரக் கொட்டகைகளால் ஒரு சிறு நகரமே எழும்பியது.

1902இல் போர் முடிந்தது. மன்னருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்தவர்கள் கப்பலேறி ஊர் திரும்பினார்கள். சிலர் மறுத்தார்கள். அவர்களுள் ஒருவர் ஹென்றி எங்கல்பிரெக்ட். தன் நாட்டைப் பறித்த அரசுக்கு விசுவாசம் சொல்ல மனம் ஒப்பவில்லை. அதனால் நாடு திரும்பும் வழி அடைபட்டது. அம்பாந்தோட்டைப் பக்கம் தங்கி வாழ்ந்தார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் யாலவின் முதல் வேட்டைக் காவலராக நியமிக்கப்பட்டார். இலங்கையின் வனவிலங்குக் காவல் சேவை அவரிடமிருந்து தொடங்குகிறது. கைதியாக இந்தத் தீவுக்கு வந்த ஒருவர் அதன் காட்டுக்கு முதல் காவலரானார்.

அதே காலத்தில் தென்னாபிரிக்காவில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். போயர்களை எதிர்த்துப் போரிட்ட பிரித்தானிய அதிகாரி ஜேம்ஸ் ஸ்டீவன்சன் ஹமில்டன், 1902இல் சாபி வனவிலங்கு ஒதுக்குப் பகுதியின் காப்பாளரானார். பிற்பாடு 1926இல் குரூகர் தேசியப் பூங்காவாக மலர்ந்த நிலம் அது. போரில் எதிரெதிராக நின்ற இரு தரப்பிலிருந்தும் இரண்டு பேர், இரண்டு நாடுகளில், ஒரே தொழிலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

தனி ஆளின் காவல்

எங்கல்பிரெக்டின் வேலையைக் கற்பனை செய்து பாருங்கள். தொலைபேசி இல்லை, வாகனம் இல்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் முட்காடு. துவக்கோடு நுழைபவரைப் பிடிக்க வேண்டும். தடம் பார்த்துச் சொல்லக் காட்டறிந்த கிராமத்து ஆட்கள் வேண்டும். வறட்சியில் நீர்க்குட்டைகளைக் கண்காணிக்க வேண்டும். அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராக இருந்த லியோனார்ட் வூல்ஃப் இவரை நேரில் அறிந்தவர். பின்னாளில் எழுதிய தன்வரலாற்றில் இவரைப் பற்றிச் சொல்கிறார். அதே வூல்ஃப் 1913இல் வெளியிட்ட நாவல், அந்த மாவட்டத்தின் காட்டுக் கிராமம் ஒன்று சட்டத்துக்கும் பசிக்கும் நடுவில் அழிந்துபோவதைச் சொல்கிறது. அதன் நாயகன் ஒரு வேட்டைக்காரன். நீதிபதியாக அமர்ந்து இத்தகைய மனிதர்களை விசாரித்த ஒருவர், அவர்கள் பக்கத்திலிருந்து கதையை எழுதியது நம் தீவின் இலக்கியத்துக்குக் கிடைத்த பேறு.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசிய எம்டன் கப்பல் இந்து சமுத்திரத்தில் சுற்றிக்கொண்டிருந்த நாட்கள். அந்தக் கப்பலுக்கு இறைச்சி கொடுத்தார் என்று எங்கல்பிரெக்ட்மீது சந்தேகம் விழுந்தது. சத்தியம் செய்ய மறுத்த மனிதர்தானே, அவரைச் சந்தேகிப்பது எளிது. அவரைத் தடுத்து வைத்தார்கள். எம்டனின் தளபதி கார்ல் ஃபொன் மியுல்லர் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று பின்னர் தெளிவுபடுத்தினார். அவப்பெயர் நீங்கியது. 1922இல் எங்கல்பிரெக்ட் காலமானார். அம்பாந்தோட்டையிலேயே அடக்கம் செய்தார்கள்.

அமெரிக்காவின் யெலோஸ்டோன் பூங்காவில் 1880இல் ஹரி யவுன்ட் என்பவரைத் தனி ஆளாக வேட்டைக் காவலுக்கு வைத்தார்கள். ஒரு குளிர்காலத்தை அங்கே கழித்தபின் அவர் தம் அறிக்கையில் சொன்னது இதுதான்: ஒருவரால் இது ஆகாது, சிறியதொரு காவற்படை வேண்டும். அதை எழுதிவிட்டு வேலையை விட்டார். அங்கே அந்த யோசனை நிறைவேற முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1916இல்தான் தேசியப் பூங்காச் சேவை பிறந்தது. இலங்கையிலும் அதே பாதை, அதே தாமதம்.

1937ஆம் ஆண்டுச் சட்டமும் 1948ஆம் ஆண்டுச் சட்டமும்

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அடுத்த ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. விவசாய, காணி அமைச்சராக இருந்த டி.எஸ். சேனநாயக்கவின் காலம். 1938இல் யாலவும் வில்பத்தும் தேசியப் பூங்காக்களாயின. வேட்டைக்கென்று ஒதுக்கிய நிலம், பார்த்து மகிழும் நிலமாக மாறியது. முதலில் வனத் திணைக்களமே இதையும் கவனித்தது. 1949இல் வனசீவராசிகளுக்கெனத் தனித் திணைக்களம் உண்டானது. அதன் முதல் தலைவர் சி.டபிள்யூ. நிக்கலஸ். இலங்கையின் பழைய ஊர்களையும் குளங்களையும் கல்வெட்டுகளிலிருந்து அடையாளம் கண்ட வரலாற்றறிஞர் அவர்.

இந்தச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் காவலர் கையில் பெரிய அதிகாரத்தைக் கொடுத்தன. பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். சோதனையிடலாம். துவக்கையும் வாகனத்தையும் கைப்பற்றி நீதவான் முன் நிறுத்தலாம். காடுகளும் வகை பிரிக்கப்பட்டன. தேசியப் பூங்காவுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். சரணாலயம் அப்படியில்லை. அதற்குள் ஊரும் வீடும் தனியார் காணியும் இருக்கலாம். அங்கே மனிதரும் விலங்கும் ஒரே எல்லைக்குள் வாழ்வதைச் சட்டமே ஏற்றுக்கொள்கிறது.

இதே ஆண்டுகளில் ஊவாவின் தோட்டங்களில் நடந்ததை மறக்கக் கூடாது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. தேயிலை மலை கம்பனியுடையது. அவர்கள் வாழ்ந்த லயம் கம்பனியுடையது. மலைக்கு மேலே இருக்கும் காடு அரசுடையது. அந்த அரசு தன் குடிமக்கள் என்று அவர்களை ஏற்கவில்லை. விறகு பொறுக்கக் காட்டுக்குப் போன பெண்ணுக்குக் காவலரின் சீருடை எப்படித் தெரிந்திருக்கும்? தன்னைக் காக்க வந்தவராக அவர் ஒருநாளும் தெரிந்திருக்க மாட்டார். இந்த மனத்தடை இரண்டு மூன்று தலைமுறைக்கு நீண்டது. குடியுரிமைச் சிக்கல் தீர்ந்த பிறகும் தடை முழுதாகத் தீரவில்லை.

எல்லவுக்கு வந்த எல்லைக்கல்

1979 மே 18ஆம் திகதி இராவண எல்ல வனவிலங்குச் சரணாலயம் பிரகடனமானது. பரப்பு 1,932 ஹெக்டயர். எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியில், நீர்வீழ்ச்சியும் குகையும் செங்குத்தான காடும் அதற்குள் அடங்கின. அப்போது எல்ல ஒரு சிறு கடைத்தெருவும் புகையிரத நிலையமும் கொண்ட அமைதியான ஊர். இன்று அங்கே உலகின் எல்லாத் திசைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்கவும், எல்லப் பாறையில் ஏறவும், அருவியில் குளிக்கவும் வருகிறார்கள். விடுதிகள் சரிவுகளில் ஏறிக்கொண்டே போகின்றன.

காவலர் வேலையின் உள்ளடக்கமும் இதோடு மாறிவிட்டது. எங்கல்பிரெக்ட் பிடிக்க வேண்டியிருந்தது துவக்கோடு வருபவரை. இன்றைய எல்லக் காவலர் காட்டுத் தீயை அணைக்க வேண்டும், சுருக்கில் சிக்கிய சிறுத்தையை விடுவிக்க வேண்டும், வழி தவறிய மலையேறியைத் தேட வேண்டும், அருவிச் சுழியில் போனவரின் உடலை எடுக்கப் பொலிஸாருக்குத் துணை நிற்க வேண்டும், விடுதிக்காகக் காட்டை வெட்டியவருக்கு எதிராக வழக்குக் கோவை தயாரித்து நீதிமன்றப் படியும் ஏற வேண்டும். எல்லாமே ஒரே சீருடைக்குள், அதுவும் மிகச் சில பேரிடம்.

தேயிலைக்கு மணம் தரும் காற்று

ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை, தென்மேல் பருவமழை மலையின் மேற்குச் சரிவில் கொட்டித் தீர்ந்தபின் எஞ்சும் உலர்ந்த காற்று ஊவாப் பக்கம் இறங்கி வீசுகிறது. கொழுந்து வாடி, சாறு இறுகி, அந்த மாதங்களில்தான் ஊவாத் தேயிலையின் பேர்பெற்ற மணம் பிறக்கிறது.

அந்தக் காற்றுத்தான் மலைகளை எரிக்கவும் செய்கிறது. பத்தனைகள் எனப்படும் புல்மேடுகளில் மானாப்புல் இடுப்புயரத்துக்கு வளர்ந்து சருகாகி நிற்கும். 1970களிலும் 80களிலும் வெறும் மலைகளை மூட நட்ட பைனஸ் மரங்கள் பிசின் நிறைந்தவை. அடியில் ஊசியிலைகள் மெத்தையாகக் கிடக்கும். ஒரு பொறி போதும். பெப்ரவரி, மார்ச் மாத வறட்சியிலும் இதே நிலைதான். எல்லப் பாறையும் அதைச் சுற்றிய மலைகளும் மீண்டும் மீண்டும் எரிந்திருக்கின்றன.

தானாகப் பற்றும் தீ இங்கே மிக அரிது. மழை வந்ததும் மாட்டுக்கு இளம்புல் முளைக்கட்டும் என்று வைப்பவர் உண்டு. புது முளைக்கு வரும் மரையையும் மானையும் குறிவைத்துக் கொளுத்தும் வேட்டைக்காரர் உண்டு. மலையேறப் போய்த் தேநீர் காய்ச்சிய அடுப்பை அணைக்காமல் வருபவர் உண்டு. வெறும் விளையாட்டுக்கு வைப்பவரும் உண்டு. தீ வைப்பது தண்டனைக்குரிய குற்றம். ஆயினும் குற்றவாளியைப் பிடிப்பது கடினம். தடயமெல்லாம் தீயிலேயே போய்விடும்.

தீ பற்றிய நாளில் நடப்பதைச் சொல்கிறேன். பதுளையிலோ பண்டாரவளையிலோ இருந்து புறப்படும் தீயணைப்பு வண்டி வீதியோடு நின்றுவிடும். அதற்கு மேல் கால்நடைதான். காவலர்களும் வனத் திணைக்களத்தாரும் பொலிஸாரும் இராணுவத்தினரும் பச்சைக் கொப்புகளை ஒடித்துக்கொண்டு மேலே ஏறுவார்கள். காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று கணித்து, தீக்கு முன்னால் புல்லைச் செதுக்கி வெற்று நிலக் கோடு வெட்டுவார்கள். கோட்டைத் தாண்ட வரும் நாக்குகளைக் கொப்பால் அடித்து அணைப்பார்கள். சரிவில் தீ ஆளைவிட வேகமாக மேலே ஓடும். ஆகையால் தீக்கு மேற்புறம் நிற்பது உயிராபத்து. கல் உருளும், புகை மூச்சை அடைக்கும். நிலைமை மிஞ்சினால் விமானப் படையின் ஹெலிகொப்டர் தொங்கு வாளியில் நீர் கொண்டுவந்து ஊற்றும்.

இத்தனை பேருக்கும் முன்பே மலையில் நிற்பவர்கள் யார்? தீ தங்கள் லயத்தை நெருங்குவதைக் கண்ட தோட்டத்து இளைஞர்களும் அடிவாரக் கிராமத்தவர்களும். எந்த ஒற்றையடிப் பாதை எங்கே முடியும், எந்த ஓடையில் தண்ணீர் மிச்சம் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அறிக்கை எழுதும்போது அவர்களை ‘பிரதேசவாசிகள்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அவர்களுக்குக் காலணி இல்லை, முகமூடி இல்லை, காப்புறுதி இல்லை, பயிற்சியும் இல்லை.

கம்பிச் சுருக்கு

காவலருக்கு வரும் அழைப்புகளில் மிகவும் வேதனையானது சுருக்கில் சிக்கிய சிறுத்தை பற்றியது. 1992 என்ற அவசர இலக்கத்துக்கு யாரோ தகவல் சொல்வார்கள். மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியால் செய்த சுருக்கு அது. மரக்கறிப் பாத்திக்கு வரும் காட்டுப்பன்றிக்காக வைத்தது. இரவில் அதே தடத்தில் நடந்த சிறுத்தையின் இடுப்பில் இறுகிவிடும். அது இழுக்க இழுக்கக் கம்பி சதைக்குள் இறங்கும்.

கால்நடை மருத்துவர் ரந்தெனிகலவிலிருந்தோ உடவளவையிலிருந்தோ வந்து சேர மணிக்கணக்கு ஆகும். அதுவரைக்கும் கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவதே காவலரின் பெரும் வேலை. கைத்தொலைபேசியோடு நெருங்குபவர், கல்லெறிபவர், பயந்து கத்துபவர் என்று எல்லோரும் சூழ்ந்தால் விலங்கு மேலும் திமிறும். கம்பி அறுந்தால் கூட்டத்துக்குள் பாயும். மயக்க ஊசியின் அளவை எடையைக் கண்ணால் மதித்தே தீர்மானிக்க வேண்டும். மயங்கியபின் கம்பியை வெட்டி, கூண்டில் ஏற்றி, மலைப்பாதையில் இறக்க வேண்டும். வெளியே சிறு காயமாகத் தெரிந்தாலும் உள்ளே உறுப்புகள் நசுங்கியிருக்கும். 2020 மே மாதம் நல்லதண்ணியில், லக்ஷபான தோட்டத்தில் சிக்கிய கருஞ்சிறுத்தையை நாடே அறியும். உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களில், மே 29ஆம் திகதி, அது இறந்தது. அபூர்வமான கறுப்பு நிறம் என்பதால் அதன் மரணம் செய்தியானது. பெயர் தெரியாமல் கம்பியில் மடிந்த சிறுத்தைகள் பல.

சுருக்கு வைத்தவர் கொடியவர் என்று சொல்லி முடித்துவிட்டால் உண்மையின் பாதி மட்டுமே கையில் மிஞ்சும். நாட்சம்பளம் போதாமல் லயத்தின் பின்னால் கோவாவும் லீக்ஸும் போடும் தொழிலாளிக்கு ஒரே இரவில் பன்றிக்கூட்டம் மூன்று மாத உழைப்பை உழுதுவிடும். நட்டஈடு கேட்டு நடக்க நாட்சம்பளம் போகும். கைவிடப்பட்ட தேயிலை மலைகள் காடாகி, பன்றிக்கும் சிறுத்தைக்கும் புகலிடமாகிவிட்டன. நாயைத் தேடி லயத்து வாசல்வரை சிறுத்தை வருகிறது. விடியற்காலையில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் அதே தேயிலைச் செடிகளுக்குள் நடக்க வேண்டும். சிக்கிய விலங்கைப் பார்த்தவர் உடனே தகவல் சொல்லத் தயங்குவதற்கும் காரணம் இருக்கிறது. சொன்னவரையே முதலில் விசாரிப்பார்கள் என்ற பயம். அந்தத் தயக்கத்தில் போகும் மணித்துளிகள் சிறுத்தையின் உயிரைக் குடித்துவிடுகின்றன.

சட்டம் இங்கே தவறவில்லை. சுருக்கு தண்டிக்கப்பட வேண்டியதே. ஆனால் தண்டனை மட்டும் தெரிந்த சட்டம், தகவல் சொல்ல வேண்டியவரின் வாயை அடைத்துவிடுகிறது.

பள்ளத்தாக்கில் ஓர் இரவு

2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு. தங்காலை நகர சபையின் ஊழியர்கள் எல்லவுக்குச் சுற்றுலா வந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். எல்ல – வெல்லவாய வீதியில் பஸ் கட்டுப்பாட்டை இழந்து, எதிரே வந்த வாகனத்தில் மோதி, பாதுகாப்புத் தடுப்பையும் உடைத்துக்கொண்டு சுமார் 1,000 அடிப் பள்ளத்தில் விழுந்தது. 15 பேர் உயிரிழந்தார்கள்.

இருட்டு. செங்குத்தான காடு. பாதை இல்லை. முதலில் இறங்கியவர்கள் அந்த வீதியோரத்து மக்கள். அவர்களோடு பொலிஸாரும் இராணுவத்தினரும் கயிறு கட்டி இறங்கினார்கள். காயப்பட்டவர்களை ஆள்மாற்றி ஆள் கையில் ஏந்தி மேலே கொண்டுவந்தார்கள். அந்த இரவில் உயிர் பிழைத்தவர்கள், முகம் தெரியாத பலரின் தோளில் ஏறிப் பிழைத்தவர்கள்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோதும் வெறுங்கையால் முதலில் மண்ணைத் தோண்டியவர்கள் அயலில் உயிர் தப்பிய தோட்டத்து மக்களே. அந்த இடம் ஆபத்தானது, மக்களை வேறிடத்தில் குடியமர்த்துங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. அதை மக்களின் வாழ்க்கைக்குக் கொண்டுசேர்க்க யாரும் பொறுப்பேற்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி வந்தபோது பதுளை மாவட்டம் மீண்டும் அதே பாடத்தைப் பெருந்துயரோடு படித்தது.

காவல் யாருடையது?

ரோஜர்ஸின் துவக்கிலிருந்து எல்லவின் தொங்கு வாளிவரை வந்துவிட்டோம். இந்த நீண்ட காலத்தில் சட்டம் பல முறை திருந்தியிருக்கிறது. கொன்றவருக்குச் சன்மானம் கொடுத்த அரசு, கொல்பவரைச் சிறையிடும் அரசாக மாறியிருக்கிறது. அது பெரும் முன்னேற்றம். அதற்காக உயிரைப் பணயம் வைத்துக் காட்டில் இரவைக் கழிக்கும் காவலர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

மாறாமல் இருப்பது ஒன்று. காட்டோரத்தில் வாழ்பவரைச் சட்டம் இன்னும் சந்தேகத்துக்குரியவராகவே பார்க்கிறது. தீ, சுருக்கு, விபத்து, மண்சரிவு எதுவானாலும் முதலில் அங்கே நிற்பவர் அவர்தான். அவருடைய அறிவு இல்லாமல் எங்கல்பிரெக்டால் ஒரு தடத்தையும் தொடர்ந்திருக்க முடியாது. இன்றைய காவலராலும் முடியாது. அப்படியிருக்க, அவர் பெயர் குற்றப்பத்திரத்தில் மட்டும் ஏன் வர வேண்டும்? சம்பளப் பட்டியலிலும் வரட்டும்.

செய்ய வேண்டியவை எட்டாக் கனிகள் அல்ல. எல்லவைச் சுற்றிய ஒவ்வொரு தோட்டத்திலும் வறட்சி மாதங்களுக்கென்று பயிற்சி பெற்ற தீக்காவல் குழு ஒன்று வேண்டும். காலணியும் கருவியும் காப்புறுதியும் நாட்கூலியும் அதற்குக் கொடுக்க வேண்டும். தோட்ட நிர்வாகமும் திணைக்களமும் சேர்ந்து காட்டோரத் தேயிலை மலைகளில் சுருக்குகளைத் தேடி அகற்ற வேண்டும். தகவல் தருபவருக்குப் பாதுகாப்பு உறுதியாக வேண்டும். பயிர்ச்சேத நட்டஈடு, விண்ணப்பத்தைச் சுமந்து அலையாமல் தோட்டத்திலேயே கிடைக்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆகவே அருவியோர எச்சரிக்கைப் பலகையும், அவசர அழைப்பை எடுக்கும் குரலும், வாக்குமூலம் எழுதும் பேனாவும் தமிழறிந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, லயத்தில் பிறந்து அந்த மலைகளில் நடந்து வளர்ந்த பிள்ளைகள் காவலர் சீருடையை அணிய வேண்டும். சத்தியம் செய்ய மறுத்த அந்நியக் கைதியை நம்பிக் காட்டை ஒப்படைத்த நாடு இது. தன் சொந்தப் பிள்ளைகளை நம்பி ஒப்படைப்பதற்கு என்ன தடை?

இந்தக் கேள்வி எல்லவோடு நின்றுவிடவில்லை. பதுளை மாவட்டத்தின் மறுகோடியில், மகியங்கனைக்கு அப்பால், காட்டிலேயே பிறந்து வாழ்ந்த மக்களுக்கு 1983இல் தேசியப் பூங்கா என்ற பெயரில் அந்தக் காடு மூடப்பட்டது. வெளியேற மறுத்த ஒரு முதியவர், காவலர்களுக்கும் நீதிமன்றத்துக்கும் முன்னால் கேட்ட கேள்விகள் ஜெனீவாவரை போய்ச் சேர்ந்தன.

அடுத்த பகுதி: தம்பானையின் திசாஹாமியும் மாதுறு ஓயாப் பூங்காவும்.